பதினைந்து லட்சம் ரூபாயும் இருபது வருடச் சண்டையும்

கேள்வி இதுதான்: நாட்டுப் பாதுகாப்புக்கு ராணுவ பலம், அயலுறவு, வளர்ச்சி மூன்றும் வேண்டும் என்கிறார்கள். இந்தியா போலக் கையில் பணம் அளவாக உள்ள நாடு இந்த மூன்றுக்கும் எப்படிப் பங்கு பிரிப்பது? எதற்கு முதலிடம்?

பங்கு பிரிப்பது என்று ஆரம்பித்தாலே கணக்கு தப்பிவிடும் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல டெல்லியை விட்டுவிட்டு மிசோரத்திலிருந்து தொடங்குகிறேன்.

மிசோ மலைகளில் ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒரு முறை ஒரு வகை மூங்கில் காடு காடாக ஒரே சமயத்தில் பூக்கும். பூத்துக் காய்த்தால் எலிகளுக்கு விருந்து. காய் தின்று பெருகும் எலிகள், காய் தீர்ந்ததும் வயலில் இறங்கும். ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சாப்பிட வேண்டிய நெல் சில இரவுகளில் காணாமல் போய்விடும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மௌதாம். அடுத்த பூப்பு 1959 வாக்கில் வரும் என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அப்போது மிசோ மலை, அஸ்ஸாமின் ஒரு மாவட்டம். மாவட்ட மன்றம் 1958 அக்டோபரிலேயே தீர்மானம் போட்டு, பஞ்சம் வரப்போகிறது, 15 லட்சம் ரூபாய் ஒதுக்குங்கள் என்று அஸ்ஸாம் அரசிடம் கேட்டது. மூங்கில் பூத்தால் பஞ்சமா, மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்கிற ரீதியில் அதைத் தள்ளிவிட்டார்கள்.

மூங்கில் பூத்தது. எலி வந்தது. பஞ்சமும் வந்தது. அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி ஊர் ஊராகக் கொடுத்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அந்த அமைப்பின் பெயர் மிசோ தேசியப் பஞ்ச முன்னணி. அதை நடத்திய லால்டெங்கா முன்பு இந்திய ராணுவத்தில் ஹவில்தார், பிறகு அதே மாவட்ட மன்றத்தில் குமாஸ்தா. 1961இல் பெயரிலிருந்து ‘பஞ்ச’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். மிசோ தேசிய முன்னணி. 1966 மார்ச் 1 அன்று அந்த முன்னணி தனி நாடு அறிவித்தது. நான்கே நாளில் இந்திய விமானப்படை ஐஸ்வால்மீது குண்டு போட்டது. சொந்தக் குடிமக்கள் வாழும் ஊர்மீது நம் விமானப்படை குண்டு வீசிய சம்பவம் அது. அப்புறம் கிராமங்களைக் காலிசெய்து, மக்களைச் சாலையோரக் குடியிருப்புகளில் அடைத்து, இரு பக்கமும் ரத்தம் சிந்தி, ஒருவழியாக 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

எல்லாம் அந்த 15 லட்சத்தால்தான் என்று சொல்லவில்லை. 1960இல் அஸ்ஸாமிய மொழியை ஆட்சிமொழியாக்கிய சட்டமும் மலை மக்களைக் கொதிக்க வைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கிழக்குப் பாகிஸ்தான் இருந்தது, ஆயுதமும் ஒளிய இடமும் கொடுத்தது. ஆனால் ஒரு குமாஸ்தாவுக்குப் பின்னால் ஊரே திரண்டது அரிசி மூட்டையால்தான். வளர்ச்சிக் கணக்கில் மிச்சம் பிடித்த தொகை இருபது வருடம் ராணுவக் கணக்கில் பற்று எழுதப்பட்டது. கடைசியில் அடைத்ததோ மூன்றாவது கணக்கில், அதாவது பேச்சுவார்த்தை மேசையில். ஒன்றில் குறைத்தால் இன்னொன்றில் ஏறிக்கொள்ளும் இந்தக் கணக்குகளைத் தனித்தனியாகப் பிரித்து, இதற்கு இத்தனை சதவீதம் என்று எப்படி எழுதுவது?

சரி, மிசோரம் உள்நாட்டு விவகாரம், வெளி எதிரி என்றால் துப்பாக்கிதானே பேசும் என்று கேட்பீர்கள். அதற்கு 1962இலிருந்து 1971 வரை உள்ள பத்து வருடத்தைப் பார்க்கலாம். அந்தப் பத்து வருடத்தில் இந்தியா மூன்று முறை சோதிக்கப்பட்டது. முதல் இரண்டு முறையும் எது கையில் இல்லையோ அதில்தான் அடி விழுந்தது.

1950களில் நேரு வைத்த பந்தயம் இன்று பேசப்படும் அளவுக்கு அசட்டுத்தனமானது அல்ல. ஏழை நாடு, பாதுகாப்புக்கு உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு சதவீதத்தை ஒட்டியே செலவு, மிச்சத்தில் பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் என்று உருக்காலைகள். வடக்கே சீனாவுடன் 1954இல் பஞ்சசீல ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, நட்பால் பத்துப் பதினைந்து வருட அவகாசம் வாங்குவது, அதற்குள் தொழிலில் எழுந்து நிற்பது. அவகாசம் கிடைத்திருந்தால் இதையே ராஜதந்திரம் என்று பாராட்டியிருப்போம்.

தப்பு நடந்தது வேறு இடத்தில். 1957வாக்கில், லடாக்கில் நாம் நம்முடையது என்று சொல்லும் அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டு முடித்தது தெரியவருகிறது. 1959இல் கிழக்கு எல்லையில் லோங்ஜுவில் துப்பாக்கிச் சூடு. அதே வருடம் அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் பத்துப் போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றும் அந்த நாளைத்தான் காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கிறோம். நாடாளுமன்றத்தில் கூச்சல், பத்திரிகைகளில் ஆவேசம். 1961 கடைசியில் சர்ச்சைக்குரிய இடங்களில் முன்னேறிக் காவல்சாவடி போடும் கொள்கை வந்தது. படை பழையது, பேச்சு மட்டும் புதியது. பலம் குறைவாக இருப்பதில் வெட்கமில்லை. பலம் குறைவாக இருக்கும்போது குரல் உயர்த்துவதுதான் ஆபத்து. நட்பு என்ற கொள்கையாவது, படை என்ற கொள்கையாவது, ஏதாவது ஒன்று முழுசாக இருந்திருக்க வேண்டும். இரண்டும் அரைகுறையாக ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

1962 சீனப் போரில், வடகிழக்கு எல்லையில் நம்கா சூ என்ற சிற்றாற்றங்கரையில் நின்ற ஏழாவது படைப்பிரிவைப் பாருங்கள். தவாங் வரைக்கும் ஏதோ சாலை என்று ஒன்று இருந்தது. அதற்கு மேல் நடைதான், பல நாள் நடை. அரிசி, பருப்பு, கம்பளி, தோட்டா எல்லாம் விமானத்திலிருந்து பாராசூட்டில் போட வேண்டும். போட்டதில் கணிசமான பங்கு பள்ளத்தாக்கில் உருண்டு யாருக்கும் கிடைக்காமல் போனது. சமவெளியிலிருந்து ஏறிய ஜவான்கள் பருத்திச் சீருடையில், கான்வாஸ் காலணியில், ஆளுக்கு ஐம்பது தோட்டாவோடு அந்த உயர மலையில் நின்றார்கள். கையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து .303 துப்பாக்கி. மலைக்கு அந்தப் பக்கம் சீனர்களுக்கு லாரி வரும் சாலை கிட்டத்திலேயே இருந்தது. அக்டோபர் 20 விடியற்காலையில் தாக்குதல் தொடங்கியது. இரண்டே நாளில் படைப்பிரிவின் தளபதி பிரிகேடியர் தால்வியே சிறைபிடிக்கப்பட்டார்.

இதில் வளர்ச்சிக்கும் ராணுவத்துக்கும் கோடு எங்கே போடுவீர்கள்? அந்த இடத்தில் இல்லாமல் போனது சாலை. எல்லைச் சாலைகள் அமைப்பைத் தொடங்கியதே 1960 மே மாதத்தில்தான். சாலை இருந்தால் ஊருக்கு உப்பு போகும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும், பீரங்கியும் போகும். போடாதபோது மூன்றும் போகாது. போட்டால் அதே வழியில் சீனப்படை இறங்கிவிடும் என்ற பயத்தில், 1962க்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நாம் அந்தப் பக்கம் சாலை போடத் தயங்கினோம். வேடிக்கை என்னவென்றால், தயக்கம் தீர்ந்து 61 சாலைகளை 2012க்குள் முடிப்பது என்று திட்டமிட்ட பிறகும், 2016 மார்ச் வரை முடிந்தவை 22 மட்டுமே என்று தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. தவாங் போகும் வழியில் 13,000 அடி உயரத்தில் உள்ள சேலா சுரங்கப்பாதை திறக்கப்பட்டது 2024 மார்ச்சில். பனி மூடும் சேலா கணவாயை நம்பித்தான் அதுவரை லாரியும் ஆம்புலன்ஸும் போய்க்கொண்டிருந்தன.

நட்பு நாடுகளின் கதையும் 1962இல் சுவாரசியமானது. மாஸ்கோவை நம்பியிருந்தோம். ஆனால் அதே அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி. உலகப்போர் மூளுமோ என்ற நிலையில் சீனாவையும் பகைத்துக்கொள்ள சோவியத் தயாராக இல்லை. அக்டோபர் 25 அன்று சோவியத் கட்சி நாளேடான பிராவ்தாவின் தலையங்கம் சீனா பக்கம் சாய்ந்து எழுதியது. நவம்பர் 19 அன்று நேரு, அணிசேராக் கொள்கையை வகுத்த அதே நேரு, கென்னடிக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம் எழுதிப் போர்விமானப் படையணிகள் கேட்டார். பதில் வந்து சேரும் முன், 21ஆம் தேதி, சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. நண்பனுக்கும் வீட்டில் தீப்பிடிக்கலாம், நமக்குத் தேவைப்படும் அதே ராத்திரியில்.

அடுத்த பாடம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 1962க்குப் பிறகு பாதுகாப்புச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பானது. பத்து மலைப்படை டிவிஷன்கள் திட்டமிடப்பட்டன. நம் ஆவடியில் விஜயந்தா டாங்கிகளுக்கான தொழிற்சாலை எழுந்தது. 1965இல் பாகிஸ்தானோடு போர் வந்தபோது படை தாக்குப்பிடித்தது. பஞ்சாபின் அசல் உத்தரில் கரும்புத் தோட்டச் சேற்றில் சிக்கிய பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளின் கதை பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. ஆனால் அதே வருடம் மழை பொய்த்தது. முந்தைய வருடம் 89 மில்லியன் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 72 மில்லியன் டன்னுக்கு இறங்கியது. போரும் பஞ்சமும் ஒரே வருடத்தில்.

தானியத்துக்கு நாம் நம்பியிருந்தது அமெரிக்காவின் பிஎல்-480 திட்டம். ரூபாய் கொடுத்தே கோதுமை வாங்கலாம் என்ற சலுகை. 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி. கப்பலில் இறங்கி நேராக வாய்க்குப் போகும் பிழைப்பு என்று அப்போது சொல்வார்கள். வியட்நாமில் அமெரிக்கா குண்டு போடுவதை இந்தியா விமர்சித்தது அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. விவசாயத்தில் இந்தியா போதிய அக்கறை காட்டவில்லை என்ற குறையும் இருந்தது. வருடக்கணக்கில் ஒப்பந்தம் போடாமல் மாதம் மாதமாகக் கோதுமையை விடுவித்தார். அடுத்த கப்பல் கிளம்புமா என்று ஒரு தேசம் துறைமுகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலருக்கு 4.76 ஆக இருந்ததை 7.50 ஆக்கியதும் இதே நெருக்கடியின் ஒரு பகுதிதான். உதவி வேண்டுமானால் குறை என்றார்கள், குறைத்தோம்.

சாஸ்திரி திங்கள் இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னதும், ஹோட்டல்கள் திங்கள் இரவு அடுப்பை அணைத்ததும் அந்தக் காலம். எங்கள் பாட்டி இருந்தவரை கோதுமை உப்புமா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரேஷனில் அரிசி கிடைக்காமல், கிடைத்த கோதுமையைத் திரிகையில் உடைத்து மாதக்கணக்கில் கிண்டித் தின்ற நினைப்பு அவருக்கு.

இதை மாற்றியதில் பெரிய பங்கு பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியத்துக்கு. 1964இல் உணவு அமைச்சரானார். எஃகுத்துறையை விட்டு அந்தத் துறைக்குப் போவது அரசியல் தற்கொலை என்று பலர் நினைத்த காலம். அதிக விளைச்சல் தரும் மெக்சிகோ கோதுமை விதை, உரம், விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை என்று அவர் கேட்டது எல்லாமே அன்னியச் செலாவணியையும் கஜானாவையும் தின்பவை. நிதியமைச்சர் டி.டி.கே. உட்படப் பலர் தயங்கினார்கள். இடதுசாரிகளுக்கு அது அமெரிக்கச் சதி. சி.எஸ். விடவில்லை. டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார். வந்து போகிறவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று. 1966இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து வந்து இறங்கியது. பின்னால் எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள், வேளாண் செயலர் பி. சிவராமன், பஞ்சாப் விவசாயிகள். 1964-65இல் 12 மில்லியன் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970-71இல் 23.8 மில்லியன் டன். இடையில் 1967 தேர்தலில் சி.எஸ். தோற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரிசிப் பஞ்சம் ஆத்திரமாக மாறியிருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற அண்ணாவின் வாக்குறுதி காங்கிரசை அடித்துப் போனது. விதை விதைத்தவருக்கு அறுவடை வரை அவகாசம் கிடைக்கவில்லை.

பாதுகாப்புத் திட்டத்தில் நான் முக்கியமாக நினைப்பது இந்த அவகாசக் கணக்கைத்தான். கோதுமைக்கு நான்கைந்து வருடம் பிடித்தது. ஒரு மலைப்படையைத் திரட்டிப் பழக்கப் பாதி பத்தாண்டு. நட்புக்கு இன்னும் அதிகம்: பிலாய் உருக்காலைக்கு மாஸ்கோவோடு கையெழுத்துப் போட்டது 1955இல், மிக்-21 விமானங்களுக்கு 1962இல். அப்போது போட்ட விதைக்கு 1971இல்தான் காய் காய்த்தது.

1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் கொலைவெறியில் இறங்கியது. அகதிகள் வரத் தொடங்கினார்கள். வருடக் கடைசிக்குள் சுமார் ஒரு கோடிப் பேர். உடனே படையை அனுப்பு என்று டெல்லியில் நெருக்கடி. ஏப்ரலில் அமைச்சரவையில் தான் மறுத்த கதையை ராணுவத் தளபதி மானெக்‌ஷா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கதையில் மசாலா கொஞ்சம் தூக்கல் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. முடிவு அவர் ஒருவரால் ஆனதும் அல்ல. ஆனால் அவர் அடுக்கும் காரணங்கள் பாடமாக வைக்கத் தக்கவை. மழை தொடங்கிவிட்டால் கிழக்கு வங்கத்தில் ஆறெல்லாம் கடல், படை நகராது. இமயக் கணவாய்கள் திறந்திருக்கின்றன, சீனா உள்ளே வரலாம். பனி விழும்வரை பொறுத்தால் அந்த வாசல் தானாக அடைபடும். மூன்றாவது, பஞ்சாபில் அறுவடை நடக்கிறது; படையை நகர்த்தினால் ரயிலையும் சாலையையும் முழுக்க எடுத்துக்கொள்வேன், தானியம் நகராது, பஞ்சம் வந்தால் பழி உணவு அமைச்சருக்கு. ஒரு தளபதி போர்த் திட்டம் பேசும்போது கோதுமை மூட்டையை எண்ணுகிறார். ஐந்து வருடம் முன்பு கப்பலுக்குக் காத்திருந்த நாடு இது.

அந்த எட்டு மாதத்தைத் தூதுக்குப் பயன்படுத்தினார்கள். ஜூலையில் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பீஜிங் போய்வந்தது வெளியானதும் டெல்லிக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்தது. ஆகஸ்ட் 9 அன்று சோவியத்துடன் நட்புறவு ஒப்பந்தம். இலையுதிர் காலத்தில் இந்திரா, ஐரோப்பியத் தலைநகரங்களுக்கும் வாஷிங்டனுக்கும் சுற்றுப்பயணம். நிக்சனிடம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அகதிகள் துயரத்தை உலகம் கேட்டது. உள்நாட்டில் நவம்பர் 15 முதல் கடிதத்தில் வழக்கமான தபால்தலையோடு 5 பைசா அகதி நிவாரணத் தபால்தலையும் ஒட்டியாக வேண்டும். எச்சில் தொட்டு அந்த 5 பைசாத் தலையை ஒட்டிய ஒவ்வொருவரும் போர்ச்செலவில் பங்கு கொடுத்தவர்கள்தான்.

டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் தாக்க, போர் தொடங்கியது. ஐ.நா. பொதுச்சபையில் போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு ஆதரவு 104, எதிர்ப்பு 11. எண்ணிக்கையில் பார்த்தால் படுதோல்வி. ஆனால் பாதுகாப்பு மன்றத்தில் சோவியத் மூன்று முறை வீட்டோ போட்டது. கட்டுப்படுத்தும் தீர்மானம் அங்கேதான் வர முடியும், அங்கே வரவில்லை. ராணுவத்துக்கு வேண்டியிருந்தது இரண்டு வாரம். ராஜதந்திரம் அந்த இரண்டு வாரத்தை வாங்கிக் கொடுத்தது. அமெரிக்கா உதவியை நிறுத்தியது, எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலை வங்கக்கடலுக்கு அனுப்பியது. 1966இல் இதே மிரட்டலுக்கு நாம் வளைந்திருப்போம். 1971இல் களஞ்சியத்தில் நம் கோதுமை இருந்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணாகதி.

வெற்றியைப் புகழ இதைச் சொல்லவில்லை. 1962, 65, 71 மூன்றிலும் சிப்பாயின் துணிச்சலில் பெரிய வித்தியாசமில்லை. லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் கம்பெனி கடைசி ஆள்வரை நின்றது 1962இல்தான். பின்னால் சாலை, தானியம், நண்பன் மூன்றும் ஒரே சமயத்தில் தயாராக இருந்தது 1971இல் மட்டும். அந்தப் பொருத்தம் நிலைக்கவும் இல்லை. அடுத்த வருடங்களில் வறட்சி, எண்ணெய் விலையேற்றம், மறுபடி தானிய இறக்குமதி. 1991இல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தபோது, அதே வருடக் கடைசியில் சோவியத் என்ற நண்பனும் உலகப்படத்திலிருந்து மறைந்தான். நம் படைக்கலன்களுக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று புதுப்புது நாடுகளின் வாசலில் தேட வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டையும் பாருங்கள். இலங்கை 2009இல் போரை முடித்தது. போர் முடிந்தும் சுமார் 2 லட்சம் பேர் கொண்ட ராணுவத்தை வைத்துச் சோறு போட்டது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைத் திருப்ப முடியாது என்று கைவிரித்தது. அதே வருட ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வருவதா வேண்டாமா என்று டெல்லியும் பீஜிங்கும் கொழும்பை இரு கையில் பிடித்து இழுத்தன. எதிரி படையெடுத்து வரவில்லை. சொந்தத் துறைமுகத்துக்கு யார் வருவது என்று தீர்மானிக்கும் உரிமை கடன்காரர்கள் முன்னால் மெலிந்துவிட்டது. 2023இல்தான் ராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று அறிவித்தார்கள். வடக்கில் தமிழர் காணிகளில் முகாம்கள் நிற்பதைப் பற்றிப் பேசும்போது இந்தச் சம்பளக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பூட்டான் இதற்கு நேர்மாறு. 1960களிலிருந்து அங்கே சாலை போட்டுக் கொடுத்தோம். பிறகு 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையம், 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன். மின்சாரத்தை நாமே விலை கொடுத்து வாங்கினோம், அவர்களுக்கு அது வருமானம். 2003 டிசம்பரில் பூட்டான் மன்னரே முன்னின்று, தன் காட்டில் முகாமிட்டுக்கொண்டு நம் அஸ்ஸாமில் தாக்கிவந்த உல்ஃபா, போடோ ஆயுதக் குழுக்களை விரட்டினார். இத்தனூண்டு ராணுவம் வைத்திருக்கும் நாடு, நமக்காக ஒரு சண்டையைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. அணை என்ற பெயரில் செலவழித்தது எந்தக் கணக்கு? வளர்ச்சியா, தூதா, பாதுகாப்பா?

இப்போது இன்றைய இந்தியாவுக்கு வருவோம். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. இதில் ஓய்வூதியம் மட்டும் 1.6 லட்சம் கோடி. புதிய ஆயுதம், விமானம், கப்பல் வாங்கும் மூலதனச் செலவு 1.8 லட்சம் கோடி. இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள் நிற்கின்றன. ஆகவே இரண்டு சதவீதமா, மூன்று சதவீதமா என்று டிவியில் கத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. மூன்றாக்கினாலும் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் போனால் மலையில் நிற்பவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்கூடக் கூடுதலாக வராது. வெளியுறவு அமைச்சகத்துக்கு அதே பட்ஜெட்டில் சுமார் 20,500 கோடி. அதில் கணிசமான பங்கு பூட்டான் முதலான நாடுகளுக்கு உதவியாகப் போய்விடும். 140 கோடி மக்களுக்காக உலகம் முழுக்கப் பேச இந்திய வெளியுறவுப் பணியில் சுமார் ஆயிரம் அதிகாரிகள். ஒரு போர்விமானத்தின் விலைக்கு இன்னும் எத்தனை பேரை மொழி படிக்கவைத்து அனுப்பலாம் என்று யாராவது கணக்குப் போட்டால் தேவலை. மூன்றில் எது மிக மெலிந்து கிடக்கிறது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். மலிவாக நிரப்பக்கூடிய பள்ளமும் இதுதான்.

இன்னொரு பள்ளம் தொழிற்சாலையில் இருக்கிறது. அது ஆழமானது. லடாக்கின் கல்வானில் 2020 ஜூன் 15 அன்று சீனப்படையோடு நடந்த மோதலில் இருபது ஜவான்களை இழந்தோம். அதற்குப் பிறகும் சீனாவிலிருந்து இறக்குமதி ஏறிக்கொண்டேதான் போகிறது. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. கைக்குள் அடங்கும் காந்தத் துண்டு கிடைக்காமல் இங்கே மின்சார இருசக்கர வாகனம் செய்பவர்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. போர்விமானத்திலும் இதே கதை. தேஜஸ் திட்டம் 1983இல் அனுமதி பெற்றது. முதல் படையணி உருவானது 2016இல். இன்று கோவை சூலூரில் அந்த விமானம் பறப்பதைப் பார்த்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த ரகமான மார்க்-1ஏ குறித்த நேரத்தில் வராமல் போனதற்கு முக்கியக் காரணம் அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய இன்ஜின் தாமதமானது. 1966இல் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்தோம். இப்போது காத்திருப்பது இன்ஜின் பெட்டிக்கு. 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக அமெரிக்கா நம் பொருள்கள்மீது வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரிந்திருக்கும். அயலுறவுச் சிக்கலுக்கான பில் பனியன் தைக்கிறவர் மேசைக்கு வந்தது.

ஆக, எதற்கு முதலிடம் என்ற உங்கள் கேள்விக்கு நான் இப்படிப் பதில் சொல்வேன். இன்று எதிரி எந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் நாம் கத்துவோமோ அந்த இடத்துக்கு முதலிடம். அதை நிரப்ப எத்தனை வருடம் ஆகும் என்பது அடுத்த கேள்வி. நீண்ட காலம் பிடிப்பதை முதலில் தொடங்க வேண்டும், தேர்தல் எப்போது வந்தாலும். தோட்டாவை அவசரத்துக்கு வெளியில் வாங்கிவிடலாம். விமான இன்ஜினையும், ஒரு மொழியை ஊறித் தெரிந்த தூதரையும், மலை ஊர்க்காரனின் நம்பிக்கையையும் அவசரத்துக்கு வாங்க முடியாது. 2023இல் 4,800 கோடி ரூபாயில் தொடங்கிய துடிப்பான கிராமங்கள் திட்டத்தில் வடக்கு எல்லையோரம் 2,967 ஊர்களைக் குறித்து, முதல் சுற்றில் 663 ஊர்களை எடுத்திருக்கிறார்கள். ஆடு மேய்க்கிறவர் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டால் அந்த மேய்ச்சல் நிலம் நம்முடையது என்று சொல்ல ஆளிருக்காது என்பது காலம் கடந்தாவது புரிந்திருக்கிறது. திட்டத்தின் பெயர் எப்படியோ, நான் ஆதரிக்கிறேன். சாலையும் டவரும் போட்டுவிட்டு டாக்டரும் வாத்தியாரும் இல்லாமல் விட்டால் மட்டும் அது வெறும் பெயர்ப்பலகையாகிவிடும்.

மிசோரத்தில் அடுத்த மூங்கில் பூப்பு 2007இல் வந்தது. இந்த முறை மாநில அரசு சில வருடம் முன்பே திட்டம் போட்டு, தானியம் சேர்த்து, எலியை அடித்து வால் கொண்டுவந்தால் வாலுக்கு இரண்டு ரூபாய் என்று அறிவித்தது. மக்கள் வாலைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அரசு அலுவலகத்தில் எண்ணிக் கொடுத்துப் பணம் வாங்கிப் போனார்கள். விளைச்சல் போனது, கஷ்டம் இருந்தது. யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. அப்போது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் ஜோரம்தங்கா. லால்டெங்காவோடு காட்டில் இருந்தவர்.